புதிய எண் 11, பழைய எண் 17

எங்கள் தெருவில் ஒவ்வொரு கதவுக்கும் இரண்டு எண்கள்: பழையது ஒன்று, புதியது ஒன்று. கூரியர் பையன் வாரத்துக்கு ஒரு தடவையாவது எதிர்வீட்டுப் பார்சலை என்னிடம் நீட்டுவான். "நம்பர் பார்த்துக் கொடுக்கக் கூடாதாப்பா?" என்று அலுத்துக்கொள்வேன். ராஸ்ப்பெர்ரி பை வாங்கிய பிறகு அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டேன்.

வாங்கக் காரணம் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி. மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துபோவது எங்கள் குடும்பச் சொத்து. ஒருநாள் தொட்டி வழிந்து, பக்கத்து வீட்டு மாமி காயவைத்த வடாம் மறுபடி கூழானது. தொட்டியில் ஒரு மிதவை சுவிட்ச், கூடத்தில் ஒரு பஸ்ஸர், நடுவில் இந்தக் குட்டிக் கணினி என்று திட்டம் போட்டு ரிச்சி தெருவுக்குக் கிளம்பினேன்.

சீட்டுக்கட்டு அளவுப் பலகை. ஓரத்தில் இரண்டு வரிசையாக 40 பின்கள். 2012-இல் வந்த முதல் பலகையில் 26தான். 2014-இல் பி பிளஸ் வந்தபோது 40 ஆனது. நாற்பதும் நமக்கு ஊழியம் செய்யும் என்று நினைத்தேன். எட்டு கிரவுண்ட், இரண்டு 3.3 வோல்ட், இரண்டு 5 வோல்ட். இன்னும் இரண்டு, மேலே செருகும் துணைப் பலகை யார் என்று விசாரிக்க. மிச்சம் 26 பேர்தான் நம் பேச்சைக் கேட்பவர்கள்.

முதலில் ஒரு எல்இடியை மினுக்கிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். நிரலில் 17 என்று எழுதினேன். மூலையிலிருந்து விரல்விட்டு எண்ணி, பதினேழாவது பின்னில் ரெசிஸ்டரோடு எல்இடியை மாட்டினேன். எரிந்தது! ஆனால் மினுக்கவில்லை. நிரலை நிறுத்தினேன், எரிந்தது. நிரலையே அழித்தேன், அப்போதும் எரிந்தது.

கல்லூரியிலிருந்து வந்த மகள் எட்டிப் பார்த்தாள். "அப்பா, நிரல்ல வர்றது சிப் வச்ச நம்பர். ஜிபிஐஓ 17 குடியிருக்கிறது பதினோராவது பின்ல. நீங்க மாட்டியிருக்கிற பதினேழாவது பின் 3.3 வோல்ட் சப்ளை. மெயின் லைன்ல பல்பை மாட்டிட்டு சுவிட்சைத் தட்டினா எப்படி அணையும்?"

புதிய எண், பழைய எண்! கூரியர் பையன் மனக்கண்ணில் வந்து சிரித்தான்.

"நல்லவேளை, 5 வோல்ட் கம்பி எதையும் உள்ளீட்டுப் பின்ல சொருகல. அது 3.3-க்கு மேல தாங்காது, போர்டே போயிருக்கும்" என்று ஆறுதலும் சொன்னாள்.

அடுத்தது மிதவை சுவிட்ச். ஒரு முனை 3.3 வோல்ட்டில், மறுமுனை உள்ளீட்டுப் பின்னில். இந்தத் தடவை எண் சரி. ஆனால் காலித் தொட்டிக்கே பஸ்ஸர் அலறியது. சமையலறையில் மிக்ஸி ஓடினால் அலறியது. நான் கம்பிப் பக்கம் கையை நீட்டினாலும் அலறியது. "இது தொட்டிக்கு அலாரமா, சட்னிக்கா?" என்றாள் மனைவி.

மகள்தான் மறுபடி வந்தாள். சுவிட்ச் திறந்திருக்கும்போது அந்தப் பின் எதோடும் சேராமல் அந்தரத்தில் நிற்கிறது. மாடியிலிருந்து வரும் நீளக் கம்பி ஆன்டெனாவாகி ஊர் இரைச்சலையெல்லாம் பிடித்துத் தருகிறது. அதாவது, தொட்டியில் மிதக்க வேண்டியது சும்மா கிடந்தது, பலகையில் பின் மிதந்துகொண்டிருந்தது. சுவிட்சைப் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் மாற்றி, பின்னை அந்தரத்தில் விடாமல் 1-இல் பிடித்துவைக்க, சிப்புக்குள்ளேயே இருக்கும் புல்-அப் ரெசிஸ்டரை நிரலில் ஒரு வரியால் இயக்கினாள். இப்போது காலித் தொட்டி என்றால் 1, நிரம்பினால் 0. கணக்கு தலைகீழ்தான், ஆனால் மிக்ஸிக்கு அலாரம் அசைந்துகொடுப்பதில்லை. வடாமும் ஒழுங்காகக் காய்கிறது.

நீங்களும் இதில் இறங்குவதானால், கம்பியைத் தொடுமுன் டெர்மினலில் 'பின்அவுட்' என்று ஒரே ஒரு சொல் அடியுங்கள். எந்தக் கதவில் யார் இருக்கிறார் என்று படமே போட்டுக் காட்டும். அதைப் பார்க்காமல் கம்பியைச் செருகுகிற யாருக்கும் கூரியர் பையனைக் கோபித்துக்கொள்ள உரிமை கிடையாது.