துருவேற்றம்: பழனி மலையை முன்வைத்து ஓர் ஆய்வு

எம்.பில். படிப்பை யுஜிசி நிறுத்திய பிறகு தமிழ்நாட்டில் அநாதையாகிப்போன ஆய்வுத் தலைப்புகள் ஏராளம். இதுவும் அவற்றில் ஒன்று. பெட்டியிலிருந்து எடுக்கும்போது புத்தம் புதிதாக இருக்கும் பிளாஸ்டிக் டாங்கியை, இருபது வருடம் மழையில் கிடந்து இற்றுப்போன இரும்பாகக் காட்டுவது எப்படி என்பதே ஆய்வுச் சிக்கல். ஆய்வுக் களம், மன்னவனூரிலிருந்து தாண்டிக்குடி வரை கண்ணில் பட்ட இரும்பு அனைத்தும். தகவலாளி, கொடைக்கானலில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர். ஆய்வின் எதிர்த்தரப்பு, அவருடைய மனைவி.

முன்னோடிகள்

எந்த ஆய்வும் ‘தமிழனே முதல்’ என்று தொடங்கினால்தான் அரங்கில் கைதட்டு விழும். நல்லவேளையாக இங்கே அதற்குச் சான்றும் உண்டு. தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் வெளியிட்ட ‘இரும்பின் தொன்மை’ அறிக்கை, சிவகளையில் எடுத்த மாதிரிகளை வைத்து, தமிழ் நிலத்தில் இரும்பு 5,300 ஆண்டுகளுக்கு முன்பே புழங்கியது என்கிறது. அப்படியானால் துரு அதற்கடுத்த ஐப்பசி மழைக்குள் வந்திருக்க வேண்டும். ‘துருவின் தொன்மை’ என்று தனி அறிக்கை ஏன் வரவில்லை என்பது விளங்கவில்லை. அகழாய்வுக் குழியில் கைக்குக் கிடைப்பது பெரும்பாலும் துருதான். வாள், அரிவாள் எல்லாம் அதைப் பார்த்து நாம் செய்துகொள்ளும் ஊகம்.

துருப்பிடித்த இரும்பை வயது பார்த்துத் தரம் பிரித்தவர்களும் இந்த மண்ணில் உண்டு. சோகைக்குக் கொடுக்கும் மண்டூரம் என்பது மண்ணில் நெடுங்காலம் கிடந்த பழைய இரும்புக்கிட்டம். ரசவாத நூல்கள் அதை ஆண்டுக் கணக்கில் அளக்கின்றன. 100 ஆண்டு கிடந்தது உத்தமம், 80 மத்திமம், 60 அதமம், அதற்கும் இளையது விஷத்துக்குச் சமம். நம் தகவலாளி ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கும் சாயங்காலக் காப்பிக்கும் நடுவில் இருபது வருடத் துருவைத் தயார் செய்துவிடுகிறார். அது எந்த வகையில் சேரும் என்பதை வாசகரே முடிவு செய்யட்டும்.

பழனி மூலவரைப் போகர் நவபாஷாணத்தால் செய்தார் என்பது மரபு. ஆகவே இந்த மலைக்கு ரசவாதம் புதிதல்ல. ஆனால் அந்தக் கால ரசவாதிகள் இரும்பைப் பொன்னாக்க ஆயுள் முழுக்க உலை ஊதினார்கள். இவர் பிளாஸ்டிக்கை இரும்பாக்குகிறார். ஆக்கியதோடு விடாமல் அதை இற்றுப்போகவும் வைக்கிறார். மூலதனத்தை இரண்டு முறை நஷ்டப்படுத்தும் ரசவாதம் உலகில் இது ஒன்றுதான்.

மேல்நாட்டு முன்னோடிகளில் பெல்ஜியத்தின் பிரான்சுவா வெர்லின்டனைச் சொல்லாமல் விட முடியாது. கரும்பழுப்பு வண்ணத்தை நீர்க்கக் கரைத்துப் பள்ளங்களில் ஓடவிடுவது, காய்ந்த தூரிகையால் மேடுகளைத் தேய்த்து வெளுக்க வைப்பது ஆகிய இரண்டையும் 1970, 80களில் ஊரறியச் செய்தவர் அவர். பிறகு ஸ்பெயின்காரர்கள் வந்தார்கள். துருவையே குப்பியில் அடைத்தார்கள். இளந்துருவுக்கு ஒரு குப்பி, முதிர்ந்த துருவுக்கு ஒரு குப்பி, துரு வழிந்த கறைக்குத் தனியாக ஒரு குப்பி. பழைய இரும்பைப் போட்டுப் பேரீச்சம்பழம் வாங்கித் தின்ற தலைமுறையைச் சேர்ந்த நம் தகவலாளி, இன்று துருவைக் கூரியரில் வரவழைக்கிறார்.

ஆய்வுப் பொருள்

தகவலாளி எடுத்துக்கொண்டது சென்டூரியன் டாங்கி, 1/35 அளவு. பிரிட்டனில் பிறந்து, 1965, 1971 போர்களில் இந்திய ராணுவத்துக்காக நின்றது. 1971 டிசம்பரில் பசந்தர் ஆற்றங்கரையில் அருண் கேத்ரபால் இருந்து போரிட்டதும் சென்டூரியன்தான். இதற்கிடையில் டாங்கி செய்யும் வேலை நம் ஆவடிக்கே வந்து, விஜயந்தா, அர்ஜுன் என்று தொடர்ந்தது தெரிந்த கதை. இதில் ஆய்வாளருக்கு ஒரு சங்கடம் உண்டு. ஓய்வுபெற்ற நம் டாங்கிகள் எந்த ஊர் முச்சந்தியில் நின்றாலும் குடியரசு தினம் நெருங்கும்போது ஒரு கோட் பச்சை வாங்கிக்கொள்கின்றன. மேடை, சங்கிலி வேலி, பெயர்ப் பலகை என்று மாப்பிள்ளை மாதிரி நிற்கும் டாங்கியைப் பார்த்துத் துருவைக் கற்க முடியாது.

அளவு பற்றிய கணக்கையும் இங்கேயே போட்டுவிடலாம். அசல் சென்டூரியன் சுமார் 50 டன். 35ஐ மூன்று முறை பெருக்கினால் 42,875. வகுத்துப் பார்த்தால் 1.2 கிலோ கூட வராது. முழுக்க இரும்பிலேயே செய்தாலும் நண்பரின் டாங்கி அவர் வீட்டு இட்லிச் சட்டியை விடக் கனமாக இருக்காது. இதைவிட முக்கியமான கணக்கு துருவின் தடிமன். அசல் தகட்டில் அரை மில்லிமீட்டர் பொருக்கு இருந்தால், மாதிரியில் அது 0.014 மில்லிமீட்டர். தலைமுடியை விட மெல்லியது. கண்காட்சிகளில் சில டாங்கிகள் மேல் பவுடரை அப்பி வைத்திருப்பதைப் பார்த்தால், அசலில் அது நான்கு விரல் கனமுள்ள துரு. அந்த டாங்கி நிற்காது, உதிர்ந்துவிடும்.

களப்பணி

துரு எங்கே தொடங்குகிறது என்பதைக் கொடைக்கானலின் தகரக் கூரைகள் சொல்லித் தரும். தகரத்தின் மேல் துத்தநாகப் பூச்சு உண்டு. இரும்புக்குப் பதிலாக முதலில் தன்னைக் கொடுப்பது அதன் குணம். ஆகவே முதலில் தெரிவது வெள்ளைப் பூப்பு. துத்தநாகம் தீர்ந்த பிறகுதான் செம்மை. அதுவும் எங்கே? போல்ட் போட்ட ஓட்டையில், வெட்டிய ஓரத்தில், இரண்டு தகடு ஒன்றின் மேல் ஒன்று ஏறி ஈரம் தேங்குகிற இடத்தில். அங்கிருந்து மழை அதைக் கூரையின் பள்ளம் வழியாகக் கீழே இழுக்கிறது. துரு இருக்கும் இடம் ஒன்று, கறை தெரியும் இடம் வேறு. தூரிகை எடுப்பவர்கள் பாதிப் பேர் இதைத்தான் குழப்பிக்கொள்கிறார்கள். தண்ணீர் எங்கே நின்றது, எந்த வழியாகப் போனது என்று பார்க்காமல் போடுகிற துரு, துரு அல்ல, அம்மைத் தழும்பு.

பெயிண்ட் உரிந்த புள்ளியைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் நடுவில் கரும்பழுப்பு, சுற்றிலும் ஆரஞ்சு வளையம் தெரியும். நடுவே பழைய துரு, ஓரத்தில் புதியது. இரும்பை விடத் துரு அதிக இடம் பிடிக்கும் என்பதால் அது அடியிலிருந்து பெயிண்டை நெம்பிக்கொண்டு வெளிப்பக்கம் பரவுகிறது. இதே கொடைக்கானலின் சூரிய ஆய்வகம் 1901 முதல் சூரியனைக் கவனித்து வருகிறது. 1909இல் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டுபிடித்தது அங்கேதான். அந்தப் புள்ளிக்கும் இருண்ட நடு, வெளிறிய விளிம்பு. ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் பதினைந்து கோடி கிலோமீட்டர் தூரத்துப் புள்ளிகளைக் கணக்கெடுத்த ஊரில், வீட்டு கேட்டில் உள்ள துருப் புள்ளிகளை எண்ண ஒருவரும் முன்வராததுதான் நம் அறிவியலின் நிலை.

கேட் என்றதும் எதிர்த்தரப்பு வாதத்தைப் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. நண்பர் வீட்டு இரும்பு கேட்டுக்குப் பெயிண்ட் அடிக்கச் சொல்லி அவர் மனைவி பல காலமாகக் கேட்டுவருகிறார். நண்பர் அதைத் தொட விடுவதில்லை. அது ஆதார ஆவணமாம். மாதம் ஒரு புகைப்படம் எடுத்து வைக்கிறார்.

“ஏங்க, நெசமா துருப்புடிச்சத வுட்டுப்புட்டு, துருப்புடிக்காததுக்கு உக்காந்து துரு அடிக்கிறீங்களே, இது நியாயமா?”

“கேட்டுல இருக்கறது இயற்கைம்மா. இது கலை.”

“அப்ப அந்தக் கலைய வெச்சு ராத்திரி காட்டெருமைய உள்ள வராம தடுங்க.”

இந்த வாதத்துக்கு ஆய்வுலகில் இன்னும் மறுப்பு இல்லை.

சோதனைச் சாலை

துரு போடும் முறைகளில் மிகச் சிறந்தது ஹேர் ஸ்பிரே முறை. முதலில் டாங்கி முழுக்கத் துரு நிறம். அது காய்ந்ததும் அதன் மேல் ஹேர் ஸ்பிரே. அதன் மேல் ராணுவப் பச்சை. பச்சை லேசாகக் காய்ந்த பிறகு தண்ணீர் தொட்டு, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தட்டினால், நீர் பட்ட ஸ்பிரே அடியில் இளகிப் பச்சை சில்லு சில்லாகப் பெயர்ந்து வரும். அடியில் இருந்த துரு வெளியே எட்டிப் பார்க்கும். இந்தத் திரவத்தை வாங்க நண்பர் பஜாரில் ஒரு ஃபேன்ஸி ஸ்டோருக்குப் போனார். கடைப் பையன் அவர் தலையைப் பார்த்தான். அங்கே ஸ்பிரேவுக்கு வேலை இருந்து வெகு காலம் ஆகிறது.

“யாருக்குண்ணே?”

“டாங்கிக்கு.”

“தண்ணி டேங்குக்கா? அதுக்கு எம்-சீல் இருக்குண்ணே.”

சென்டூரியனில் கவனம் கேட்கும் இடம் பின்பக்க மட்கார்டு. அங்கே இரு பக்கமும் சைலன்சர் உண்டு. சூட்டில் பெயிண்ட் நிற்காத இடம், ஆகவே டாங்கியிலேயே முதலில் துருவேறும் பாகம். நண்பர் இதற்கு மட்டும் குப்பித் துருவை நம்புவதில்லை. நாட்டு மருந்துக் கடையில் காவிக்கல் வாங்கி அம்மியில் நுணுக்கி, வேட்டித் துணியில் சலித்து வைத்திருக்கிறார். சைலன்சருக்குக் கரும்பழுப்பு அடித்து, கிழித்த ஸ்பாஞ்சின் ஓரத்தால் ஆரஞ்சை ஒற்றி எடுக்கிறார். டர்பன்டைனில் நனைத்த இடத்தில் காவித் தூளைத் தூரிகை நுனியால் தட்டுகிறார். ஈரமாக இருக்கும்போது ரத்தச் சிவப்பாக இருப்பது, காயக் காய வெளுத்துச் சொரசொரப்பாகிறது. குழாயின் வாயில் மட்டும் கரித்தூள். டர்பன்டைன் அதிகமானால் பிளாஸ்டிக் ஒட்டில் புகுந்து விரிசல் விடும். அங்கே கை நடுங்கக் கூடாது. காவிக்கல்லின் செம்மை இரும்பு ஆக்சைடுதான் என்பதால், இந்த முறையில் பிளாஸ்டிக் டாங்கி மேல் ஏறுவது வேதியியல்படி அசல் துருவின் சொந்தக்காரன். கோயில் மதிலில் நாம் காலங்காலமாகப் பூசிவருவதும் அதுதான். துரு வராமலிருக்க கேட்டுக்கு அடிக்கும் ரெட் ஆக்சைடிலும் அதே சரக்குதான் இருக்கிறது. இதை மட்டும் நண்பர் தன் மனைவியிடம் சொல்லவில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். சக்கரத்தின் ரப்பருக்குத் துரு வராது. அலுமினியத்துக்கும் வராது, எம்113 கவச வண்டியின் உடல் அலுமினியம் என்று தெரியாமல் அதற்குச் செந்துரு பூசியவர்கள் உண்டு, அவர்களை மன்னிக்க முடியாது. ஓடும் டாங்கியின் செயின் தரையில் தேய்ந்து பளபளக்கும், நின்றுபோன டாங்கியின் செயின் ஒரே மழையில் பழுப்பாகும். கைவிடப்பட்ட டாங்கி என்று பெயர் வைத்துவிட்டுச் செயினுக்கு வெள்ளி தேய்ப்பது வாக்குமூலத்தில் முரண்.

எரிந்த இரும்பு மிக வேகமாகத் துருவேறும், பெயிண்ட் மொத்தமும் போய்விடுவதால். இதற்கு உதாரணம் தேடி ஐரோப்பாவுக்குப் போக வேண்டாம். முள்ளிவாய்க்கால் பக்கம் 2009க்குப் பிறகு பல ஆண்டுகள் பேருந்துகளும் சைக்கிள்களும் மோட்டார் சைக்கிள்களும் குவியல் குவியலாகத் துருவேறிக் கிடந்தன. அவற்றின் படங்களை நிறம் பார்ப்பதற்காக யாரோ அனுப்பினார்கள். நண்பர் பார்த்துவிட்டு அழித்துவிட்டார். இந்த ஆய்வும் அவற்றைப் பயன்படுத்தவில்லை.

முடிவுரைக்குப் பதிலாக ஒரு எச்சரிக்கை

கொடைக்கானலில் ஒரு டாங்கியை நிஜமாகவே கைவிட்டால் என்ன ஆகும்? துரு வருவதற்கு முன்னால் பாசி வரும். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெய்யும் மலை இது. நிழல் பக்கம் பச்சையாகும், தட்டையான இடத்தில் சாம்பல் வட்டமாகக் கற்பாசி படரும், மூடியின் இடுக்கில் பெரணி முளைக்கும், மேலெல்லாம் யூகலிப்டஸ் சருகு. இணையத்தில் பார்க்கும் பாலைவன டாங்கியைக் காப்பியடித்து, முழுக்க ஆரஞ்சாக்கி, ‘பழனி மலையில் கைவிடப்பட்டது’ என்று அட்டை எழுதி வைத்தால் இந்த மலையில் மாடு மேய்ப்பவர்கூட நம்பமாட்டார். ஆகவே பழனி மலைப் பள்ளியின் துரு கால்வாசி பச்சை என்பது இவ்வாய்வின் துணிபு.

அசல் துரு இலவசமாகக் கிடைக்கும் இந்த ஊரில் போலித் துரு போடுவதுதான் கஷ்டம். கடைசியாக அடிக்கும் மேட் வார்னிஷ், காற்றில் ஈரம் இருந்தால் வெள்ளையாகப் பூத்துவிடும். மாதக்கணக்கில் போட்ட துருவெல்லாம் ஒரு நொடியில் திருநீறு பூசிக்கொள்ளும். ஆகவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஐப்பசி, கார்த்திகையில் வார்னிஷ் டப்பாவைத் தொடாதீர்கள். மாசி, பங்குனியில் வெயில் நன்றாக ஏறிய பிறகு, பதினொரு மணிக்கு மேல், மூடுபனி இறங்குவதற்குள் அடித்து முடித்துவிடுங்கள். டப்பாவில் மிச்சம் இருந்தால் மூடி வையுங்கள். கேட்டுக்கு அடிக்கப் போதாது.