பதவியும் பைலாவும்

மாவட்டத் தலைநகர் ஒன்றில் இயங்கும் கட்டடப் பொறியாளர் சங்கக் கிளை, தொடக்கக் காலத்தில் செயலாளரின் ஸ்கூட்டர் பெட்டிக்குள் அடங்கக்கூடியது. உறுப்பினர் பதிவேடு, ரசீதுப் புத்தகம், ரப்பர் ஸ்டாம்பு, மினிட்ஸ் நோட்டு, போன வருட விழாவில் மிஞ்சிய இரண்டு பொன்னாடை ஆகியவையே அதன் அசையும் சொத்து. அசையாச் சொத்து கிடையாது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975, ஒரு சங்கத்தைப் பதிவு செய்ய ஏழு பேர் போதும் என்கிறது. அந்த ஏழு பேரில் ஒருவர் தலைவர், ஒருவர் செயலாளர், ஒருவர் பொருளாளர், இருவர் துணை, மீதி இருவர் செயற்குழு உறுப்பினர்கள். ஆளப்படுவதற்கு யாரும் இல்லாததால் இக்கட்டத்தில் நிர்வாகச் சிக்கல் என்று எதுவும் எழுவதில்லை. கூட்டம் டீக்கடையில் நடக்கும்; டீ ஆறுவதற்குள் தீர்மானம் நிறைவேறும்; டீக்குப் பொருளாளர் தம் கைக்காசைக் கொடுப்பார், கணக்கில் எழுத மாட்டார்.

கிளை வளர்வதற்கு உறுப்பினர்களின் சேவை மனப்பான்மையே காரணம் என்று ஆண்டு மலர்கள் கூறும். வேறு காரணங்களும் உண்டு. வரைபட அனுமதி கேட்டுப் பொறியாளர் ஒருவர் தனியாகப் போனால் வராந்தாவில் நிற்பார். சங்கத்தின் சார்பில் ஐந்து பேராகப் போனால் உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொல்வார்கள். சிமென்ட், கம்பி, டைல்ஸ் நிறுவனங்கள் நடத்தும் தொழில்நுட்பக் கருத்தரங்குகள் இரவு விருந்தில் முடியும். விஸ்வேஸ்வரய்யாவின் பிறந்தநாளான செப்டம்பர் 15, பொறியாளர் தினம் என்பதால் அதையொட்டிக் குடும்ப விழா, டிசம்பரில் டைரி. இத்தனையும் ஒரே சந்தாவில் கிடைப்பதைக் கேள்விப்பட்டு உறுப்பினர் எண்ணிக்கை நூறைத் தாண்டி இருநூறை நெருங்குகிறது. ஸ்கூட்டர் பெட்டி மூடாமல் போகிறது.

கிளை வளர்ந்தும் நிர்வாகம் வளரவில்லை என்பது முதலில் சந்தாக் கணக்கில் தெரியும். பணம் கட்டியவர் யார், கட்டாதவர் யார் என்பது செயலாளரின் ஞாபகத்தில் மட்டுமே பதிவாகியிருக்கும். மகள் கல்யாணத்துக்காக அவர் ஒரு மாதம் ஊரில் இல்லாவிட்டால் கிளைக்கே மறதி வந்துவிடும். அடுத்தது அழைப்பிதழில் தெரியும். தலைவர் ஒரு சிறப்பு விருந்தினரையும் செயலாளர் வேறொருவரையும் அழைத்திருப்பார்கள்; இருவரும் வந்துவிடுவார்கள்; நினைவுப் பரிசு ஒன்றுதான் இருக்கும். நோய் முற்றிய நிலையில் தோன்றும் அறிகுறி லெட்டர்பேடு. கௌரவத் தலைவர், பட்டயத் தலைவர், உடனடி முன்னாள் தலைவர், செயல் தலைவர், துணைத் தலைவர்கள் நால்வர், இணைச் செயலாளர், அமைப்புச் செயலாளர், மக்கள் தொடர்பாளர் என்று பெயர்கள் இடப்பக்க ஓரத்தை நிரப்பி, அடியில் திரும்பி, வலப்பக்கம் ஏறத் தொடங்கும். கடிதம் எழுத நடுவில் ஓர் அஞ்சலட்டை அளவு இடம் மிஞ்சும்.

இதைப் பதவி ஆசை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது நியாயமில்லை. சம்பளம் தராத அமைப்பு, செய்த வேலைக்கு ஈடாகத் தரக்கூடியது மரியாதை ஒன்றுதான்: மேடை, மைக், மலரில் வண்ணப் படம், பொன்னாடை. வெயிலில் அலைந்து மண்டபம் பிடித்து, பந்தல்காரரிடம் பேரம் பேசி, சமையல்காரருக்குத் தம் கையிலிருந்து முன்பணம் கொடுத்தவருக்கு இணைச் செயலாளர் என்ற பட்டமே அந்த வருடத்துக் கூலி. ஆகவே ஒரு பதவியை நீக்குவது என்பது நடைமுறையில் ஒருவரின் சம்பளத்தை நிறுத்துவது. இதைக் கணக்கில் எடுக்காத சீரமைப்புத் திட்டங்கள் முதல் கூட்டத்தில் காபி வரும்வரைதான் உயிரோடு இருக்கும். நாளடைவில் கூலிக்கும் வேலைக்கும் உள்ள தொடர்பு அறுந்துபோவது இன்னொரு சிக்கல். மண்டபம் பிடித்ததற்காகக் கொடுத்த பட்டம் அவரிடமே தங்கிவிடும். அடுத்த வருடம் மண்டபம் பிடிக்க ஆள் இருக்காது.

செயற்குழுவில் எத்தனை பேர் இருக்கலாம் என்பதை சி. நார்த்கோட் பார்க்கின்சன் 1957இல் வெளியான தம் நூலில் ஆராய்ந்திருக்கிறார். ஐந்து பேர் கொண்ட குழுவே இயல்பானது என்பதும், 19.9க்கும் 22.4க்கும் இடையில் எங்கோ ஓரிடத்தில் குழு முற்றிலும் செயலற்றுப்போகிறது என்பதும் அவர் சிரிக்காமல் எட்டிய முடிவுகள். தசமப் புள்ளிக்குப் பின்னால் இருக்கும் அந்த ஆள் நம் கிளைகளில் ‘சிறப்பு அழைப்பாளர்’ எனப்படுகிறார். அதே நூலில் ஒரு குழு, ஒரு கோடி பவுண்டு அணு உலைக்கு இரண்டரை நிமிடத்தில் ஒப்புதல் தந்துவிட்டு, 350 பவுண்டு சைக்கிள் கொட்டகையைப் பற்றி முக்கால் மணி நேரம் வாதாடுகிறது. அணு உலை யாருக்கும் புரியவில்லை, கொட்டகை எல்லோருக்கும் புரிந்தது என்பது பார்க்கின்சனின் விளக்கம். பொறியாளர் கிளையில் நிலைமை இன்னும் மோசம். அங்கே இருபது பேருக்கும் கொட்டகை கட்டவே தெரியும்.

எனவே சீரமைப்பின் முதல் வேலை, முடிவெடுக்கும் இடத்தையும் மரியாதை கிடைக்கும் இடத்தையும் பிரிப்பது. தலைவர், செயலாளர், பொருளாளர், அடுத்த ஆண்டுத் தலைவராக முன்கூட்டியே தேர்வானவர், உறுப்பினர் சேர்க்கைக்கு ஒருவர் என ஐந்து பேர் மாதம் ஒருமுறை கூடினால் போதும். முன்னாள் தலைவர்கள் அனைவரும் ஆலோசனைக் குழுவுக்குப் போவார்கள். அங்கே வாக்கு கிடையாது. எல்லா விழாவிலும் முன்வரிசை நாற்காலியும், அழைப்பிதழில் பெயரும் உண்டு. முன்வரிசை எழுத்தில் உறுதி செய்யப்பட்டால் வாக்கை விட்டுக்கொடுக்கப் பெரும்பாலோர் தயார். வாக்கு எண்ணும் நேரத்தில் அவர்கள் எப்படியும் வெளியே போனில் பேசிக்கொண்டிருந்தவர்கள்தான். பயிற்சி, விழா, மலர் போன்ற வேலைகள் துணைக் குழுக்களுக்கு. வேலை முடிந்ததும் துணைக் குழு கலைய வேண்டும் என்பதை விதியிலேயே எழுதிவிடுவது நல்லது. எழுதாவிட்டால், மலர்க் குழு மலர் வெளிவந்து மூன்று ஆண்டுக்குப் பிறகும் கூடும்.

வேலைவாரியாகக் குழு பிரிப்பதற்கு முன்மாதிரி தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் சம்வத்சர வாரியம் எனப்படும் ஆண்டு வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர் என்கின்றன. பதவிக்காலம் 360 நாள். தோட்டத்தையும் ஏரியையும் கவனித்தவர்களிலிருந்துதான் சம்வத்சர வாரியத்துக்கு ஆள் எடுத்தார்கள். மண்டபம் பிடிக்காதவர் மேடை ஏற வேண்டாம் என்று அர்த்தம். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கு மறுபடி இடமில்லை. அவருடைய மாமனார், மைத்துனர், மருமகன் உள்ளிட்ட உறவினர்களுக்கும் இல்லை. இந்த விதியை இன்றைய கிளையில் அப்படியே கொண்டுவந்தால் கோரம் சேராது. சீரமைப்பாளர்களுக்குப் பயன்படும் தகவல் இன்னொன்று உண்டு. 919ஆம் ஆண்டுக் கல்வெட்டில் உறுப்பினருக்கான வயது 30 முதல் 60 வரை. இரண்டே ஆண்டு கழித்து, 921இல் வெட்டியதில் 35 முதல் 70 வரை. இடைப்பட்ட காலத்தில் யாருக்கு அறுபது நிறைந்தது என்று கல்வெட்டு சொல்லவில்லை.

பண விவகாரத்தில் புதிதாகக் கண்டுபிடிக்க அதிகமில்லை. காசோலையில் இருவர் கையெழுத்து வேண்டும் என்ற விதி பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும். தலைவர் துபாயில் உள்ள மகன் வீட்டுக்குக் கிளம்புமுன் ஒரு காசோலைப் புத்தகம் முழுக்கக் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டுப் போவதன் மூலம் அது காப்பாற்றப்படுகிறது. சந்தாவும் விளம்பரத் தொகையும் செயலாளரின் சொந்த ஜி-பே எண்ணுக்கு வராமல் சங்கத்தின் வங்கிக் கணக்குக்கு வருவது, செயற்குழுவில் இல்லாத ஒருவர் கணக்கைப் பார்ப்பது, விழாவுக்குப் பிறகு போடும் பட்ஜெட்டை விழாவுக்கு முன் போடுவது ஆகிய மூன்றுமே போதுமானவை.

இவற்றையெல்லாம் எழுத்தாக்க மூவர் கொண்ட விதித் திருத்தக் குழு அமைக்கப்படும். அதற்கு மூன்று மாதம் அவகாசம். முதல் மாதம் பழைய பைலாவைத் தேடுவதில் கழியும். கடைசியில் கிடைக்கும் பிரதி, வேறொரு மாவட்டக் கிளையின் பைலாவைப் பார்த்து எழுதியதாக இருக்கும். நான்காம் பக்கத்தில் அந்த ஊரின் பெயர் திருத்தப்படாமல் நிற்கும். விதிப்படி பார்த்தால் இதுவரை நடந்த பொதுக்குழுக் கூட்டங்கள் அனைத்தும் அங்கேதான் நடந்திருக்க வேண்டும். பதவிக்காலம் மூன்றாண்டைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். ஒருவர் மறுபடி மறுபடி நிற்பதை அது தடுப்பதாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை என்பதால், தொடர்ந்து இரண்டு முறைக்குமேல் கூடாது என்ற வரியைக் கிளையே சேர்த்துக்கொள்ள வேண்டும். முதல் வரைவில் அந்த வரி அப்படியே இருக்கும். இரண்டாம் வரைவில் ‘இயன்றவரை’ என்ற சொல் நுழையும். மூன்றாம் வரைவில், நடப்பு நிர்வாகிகளுக்கு இது பொருந்தாது என்று அடைப்புக்குறிக்குள் வரும்.

பைலாவைத் திருத்தச் சிறப்புத் தீர்மானம் வேண்டும். 21 நாள் முன்னறிவிப்பு கொடுத்து, வந்திருந்து வாக்களிக்கும் உரிமையுள்ளவர்களில் நான்கில் மூன்று பங்கினர் ஆதரித்தால்தான் அது செல்லும். பலத்த கரவொலி நான்கில் மூன்று பங்காகாது. கைகளை எண்ண வேண்டும், எண்ணியதை மினிட்ஸில் எழுத வேண்டும். கூட்டம் நடத்துவது எளிதல்ல என்பதற்கு ஹென்றி மார்ட்டின் ராபர்ட் சாட்சி. அமெரிக்க ராணுவப் பொறியாளரான அவரை 1863இல் நியூ பெட்ஃபோர்டில் ஒரு தேவாலயக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கச் சொன்னார்கள். எப்படி நடத்துவது என்று தெரியாமல் அவர் பட்ட பாடு, 1876இல் கூட்ட நடைமுறை பற்றிய புகழ்பெற்ற விதிநூலாக வெளிவந்தது. ஒரு நேரத்தில் ஒருவர், ஒரு பொருளைப் பற்றி மட்டும் பேச வேண்டும் என்பது அந்த மரபின் அடிப்படை. நம் கிளைக் கூட்டத்தில் அதைக் கடைப்பிடித்தால் வரவேற்புரையோடு கூட்டத்தை முடித்துக்கொள்ள வேண்டியிருக்கும். நேரம் குறிப்பதில்தான் செயலாளரின் திறமை தெரியும். திருத்தத்தை மதியச் சாப்பாட்டுக்கு முன் எடுத்தால் விவாதம் சுருங்கும். பின் எடுத்தால் கோரம் சுருங்கும்.

தீர்மானம் நிறைவேறியதோடு வேலை முடியாது. பதிவாளர் அலுவலகத்தில் திருத்தம் பதிவானால்தான் புதிய விதி நடைமுறைக்கு வரும். அதன்பின் வங்கிக்குத் தீர்மான நகல், புதிய கையெழுத்துகள், ஆதார், பான் நகல்கள். பதிவேடுகளை எழுதி வாங்கிக்கொண்டு ஒப்படைத்தல். இவ்வளவுக்குப் பிறகும் பைலாவில் எங்குமே இடம்பெறாத ஓர் அதிகாரம் எஞ்சியிருக்கும். அது கிளையின் வாட்ஸ்அப் குழு. அதன் ஒரே அட்மின், நான்கு நிர்வாகங்களுக்கு முன்பு இணைச் செயலாளராக இருந்தவர். இப்போது தொழிலை விட்டுவிட்டுக் கொடைக்கானல் பக்கம் தங்கும் விடுதி நடத்துகிறார். காலை வணக்கப் படங்கள் தவிர வேறெதிலும் தலையிடுவதில்லை. குழுவைக் கைமாற்றித் தரும்படி எழுதிய கடிதத்துக்கு அவரிடமிருந்து கூப்பிய கை ஒன்றே பதிலாக வரும். அந்தக் குழுவில் போட்டால்தான் கூட்டத்துக்கு ஆள் சேரும் என்பதால், அவரைத் தகவல் தொடர்புச் செயலாளராக்கி, ஐவர் செயற்குழுவை அறுவராக்கத் திருத்தத்துக்கு ஒரு திருத்தம் கொண்டுவருவது வழக்கம். அதற்கும் 21 நாள் முன்னறிவிப்பு வேண்டும்.