உடும்புக்கு எதற்கு அவ்வளவு வோல்டேஜ்?

கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி ஒருநாள் வேட்டைக்குப் போனார். விட்டது ஒரே ஒரு அம்பு. அது யானையைச் சாய்த்தது. அதோடு நின்றிருக்கலாம், நிற்கவில்லை. வாயைப் பிளந்து நின்ற புலியைத் துளைத்து, மானை உருட்டி, பன்றியை வீழ்த்தி, கடைசியில் புற்றுக்குள் தன் பாட்டுக்குப் படுத்திருந்த உடும்பின் மேல் போய்த் தைத்ததாம். சொல்பவர் வன்பரணர். புறநானூற்றின் 152ஆம் பாட்டு.

இரண்டாயிரம் வருஷமாகக் கை தட்டுகிறோம். ஆடிக்கு ஆடி விழா வேறு எடுக்கிறோம். அரியூர் நாட்டில் உட்கார்ந்துகொண்டு நான் கேட்பது ஒன்றுதான்: அந்த உடும்பு என்ன சார் பாவம் பண்ணியது?

இந்தக் கேள்வி இலக்கிய ஆர்வத்தில் எனக்கு வந்ததில்லை. என் கம்ப்யூட்டரால் வந்தது.

எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்த மெஷின் அது. மார்கழிக் குளிரில் வீடே கம்பளிக்குள் சுருண்டு கிடக்க, அதற்கு மட்டும் 95 டிகிரி ஜுரம். "மலையில இருக்கோம், நமக்கெதுக்குப் பெரிய கூலர்?" என்று கடைக்காரரிடம் மார்தட்டியவன் நான். ஆயிரம் மீட்டர் உயரத்தில் காற்று குளிர்ச்சிதான், மறுக்கவில்லை. ஆனால் கடற்கரைக் காற்றைவிட அடர்த்தி சுமார் பத்து சதவீதம் கம்மி. ஃபேன் என்னவோ அதே சுற்றுதான் சுற்றுகிறது, அள்ளிக்கொண்டு போகத்தான் சரக்கு இல்லை!

சரி, இந்தச் சூடு எங்கிருந்து வந்தது? கொஞ்சம் பின்னால் போவோம். 486 காலத்தில் பல சிப்புகளுக்கு ஃபேனே கிடையாது. 1993இல் இன்டெல்லின் பென்டியம் வந்தது. 'பென்டியத்தின் தந்தை' என்று பெயர் வாங்கிய வினோத் தாம், நம்ம புனேக்காரர். முதல் பென்டியம் குடித்தது 5 வோல்ட். பிள்ளைக்கு விசிறி பிடிக்க ஆள் வைக்க வேண்டியதாயிற்று.

அப்புறம் பிடித்தது பாருங்கள், மெகாஹெர்ட்ஸ் பைத்தியம். 2000 மார்ச் 6ஆம் தேதி ஏஎம்டி "ஒரு கிகாஹெர்ட்ஸ்!" என்றது. எட்டாம் தேதியே இன்டெல் "நாங்களும்!" என்றது. எதிர்க்கட்சி வாக்குறுதி கொடுத்த மறுநாள் ஆளுங்கட்சி கொடுப்பது மாதிரி. அதே வேகத்தில் இன்டெல் 1.13 கிகாஹெர்ட்ஸுக்குத் தாவியது. சிப் தடுமாறுகிறது என்று புகார் வர, ஆகஸ்டிலேயே சந்தையிலிருந்து திருப்பி வாங்கிக்கொண்டது. ஓரியின் அம்பாவது இலக்கில் தைத்த பிறகுதான் தாண்டிப் போயிற்று.

2001இல் இன்டெல்லின் பேட் கெல்சிங்கர் பொறியாளர்கள் கூடிய அவையில் ஓர் ஆரூடம் சொன்னார். இப்படியே போனால் சிப்பின் சூட்டு அடர்த்தி முதலில் அணு உலையைத் தொடும், பிறகு ராக்கெட்டின் வாயை, பிறகு சூரியனின் மேற்பரப்பையே. என்ன தெளிவு! என்ன தீர்க்கதரிசனம்! மூன்றே வருஷத்தில், 2004 பிப்ரவரியில், அதே கம்பெனி 'பிரெஸ்காட்' என்ற பென்டியம் 4ஐ இறக்கியது. நூறு வாட்டுக்கு மேல் எரிந்தது. ஜனங்கள் அதற்கு வைத்த செல்லப் பெயர் 'பிரெஸ்ஹாட்'.

அந்தக் குடும்பத்துச் சிப்புகள் பத்து கிகாஹெர்ட்ஸ் வரை ஓடும் என்பது கனவு. நாலைக்கூடத் தொடவில்லை. 2004 அக்டோபரில் நாலு கிகாஹெர்ட்ஸ் திட்டத்தைக் கைவிட்டார்கள். ஆர்லாண்டோவில் ஆயிரக்கணக்கானவர்கள் முன்னால் தலைமை அதிகாரி கிரெய்க் பாரெட் மேடையில் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டார். விளையாட்டாகத்தான். நம்ம ஊராக இருந்தால் மண்சோறு சாப்பிட வைத்திருப்பார்கள்.

மானத்தைக் காப்பாற்றியது யார் தெரியுமா? லேப்டாப்புக்காக, பேட்டரியை மிச்சம் பிடித்து மிச்சம் பிடித்துச் சிப் செய்துகொண்டிருந்த இஸ்ரேலின் ஹைஃபா குழு. அந்த வழியில் வந்த கோர் 2 டுயோ, 2006இல் 65 வாட்டில் அடங்கி வேலை பார்த்தது. ஊதாரி மூத்தவன் விட்டதைக் கஞ்சத் தம்பி மீட்ட கதை.

இப்போது கணக்குக்கு வருவோம், பயப்படாதீர்கள். சிப் தின்னும் மின்சாரம் வேகம் கூடினால் நேராகக் கூடும்; வோல்டேஜ் கூடினால் அதன் வர்க்கமாகக் கூடும். திருப்பிப் போடுங்கள்: 1.30 வோல்ட்டை 1.20 ஆக்கினால் வோல்டேஜில் குறைந்தது எட்டு சதவீதம்தான், சூட்டில் பதினைந்து. வேகம் அப்படியே. நாமக்கல் லாரிக்காரர்களுக்கு இந்த ஞானம் எப்போதோ உண்டு. ஆக்சிலேட்டரை மிதித்தால் மலை குனியாது, ரேடியேட்டர்தான் கொதிக்கும்.

அப்படியானால் ஃபேக்டரி ஏன் கூடுதலாகக் கொடுக்கிறது? ஒரே தட்டில் சுட்ட இட்லியே ஒன்று போல் இருப்பதில்லை, சிப் எப்படி இருக்கும்? இருப்பதிலேயே நோஞ்சானும் படுக்காமல் ஓட வேண்டும் என்று எல்லாருக்கும் சேர்த்துத் தாராளமாக ஊற்றுகிறார்கள். கல்யாணத்துக்கு நூறு பேர் என்றால் நூற்றைம்பது பேருக்கு உலை வைப்பதில்லையா, அந்த மாதிரி. உங்கள் சிப் நோஞ்சானாக இல்லாவிட்டால் மிச்சச் சோறு முழுக்கச் சூடு.

"குறைத்துப் பார்" என்று நண்பர் சொன்னபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் பக்கம் 'லோ வோல்டேஜ்' என்பது கெட்ட வார்த்தை. பல்பு மங்கும், மோட்டார் முனகும், ஸ்டெபிலைசர் 'டக்' என்று அடிக்கும். நண்பர் சொன்னது சுவரில் வரும் 230ஐ அல்ல. மதர்போர்டு கடைசியில் வடிகட்டிச் சிப்புக்கு ஊட்டும் ஒன்றே சொச்சம் வோல்ட்டை. பயாஸில் மைனஸ் 50 மில்லிவோல்ட் போட்டேன். அடங்கியது. பேராசை, மைனஸ் 100 போட்டேன். நீலத் திரை. ஓரி ஆவதற்கு மட்டுமில்லை, கருமி ஆவதற்கும் அளவு உண்டு.

எல்லா மெஷினிலும் இந்த வசதி இருக்காது. 2019 டிசம்பரில் சில ஆராய்ச்சியாளர்கள், வோல்டேஜை வேண்டுமென்றே சரித்துச் சிப்பைத் தப்புக் கணக்குப் போட வைத்து ரகசியத்தைக் கறக்க முடியும் என்று காட்டினார்கள். 'பிளண்டர்வோல்ட்' என்று பெயர். இன்டெல் பூட்டுக் கொடுத்தது. திருடன் ஜன்னல் வழியாக வரலாம் என்பதால் வீட்டுக்காரருக்கும் காற்று கட்!

பாரெட் மண்டியிட்டுப் பதினெட்டு வருஷம் ஆகியிருந்தது, இன்டெல்லுக்குப் பாடம் மறந்திருந்தது. 2023இல் ஆறு கிகாஹெர்ட்ஸைத் தொட்டுவிட்டோம் என்று மாலை போட்டுக்கொண்டார்கள். 2024இல் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்புகள் விழுகின்றன என்ற புகார் குவிந்தது. அளவுக்கு மீறிய வோல்டேஜ்தான் காரணம் என்று இன்டெல்லே ஒப்புக்கொண்டு, மைக்ரோகோடைத் திருத்தி, வாரண்டியை இரண்டு வருஷம் நீட்டியது.

வன்பரணர் இன்னொன்றும் சொல்கிறார். பாணர்கள் புகழ்ந்தபோது, தன் பெயர் காதில் விழுந்ததும் ஓரி கூச்சப்பட்டாராம். அத்தனை கூச்சம் இருந்தும் வில் காப்பாற்றவில்லை. மலையமான் திருமுடிக்காரி அவரைக் கொன்று கொல்லிமலையைச் சேரனுக்குக் கொடுத்துவிட்டார்.

உங்கள் பயாஸில் பூட்டு இல்லையென்றால் மைனஸ் 50இல் ஆரம்பியுங்கள். அரைநாள் கனமான வேலை கொடுத்துப் பாருங்கள், தள்ளாடினால் பத்து ஏற்றிவிடுங்கள். உடும்பாவது பிழைத்துப் போகட்டும்.