பச்சை என்பது நிறமன்று

கேள்வி: பாரிஸில் சேன் நதி நடுவே ஒரு தீவில் இருக்கும் சிறு பூங்காவுக்கு 'வேர் கலான்' என்று பெயராம். 'வேர்' என்றால் பச்சை. அப்படியானால் மரம் செடிகளால் வந்த பெயர்தானே?

பதில்: மரங்களுக்கும் அந்தப் பெயருக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. பிரெஞ்சில் 'வேர்' என்பது வயதேறியும் வாடாத துடிப்பையும் குறிக்கும். 'கலான்' என்றால் பெண்களிடம் நயமாகப் பழகுபவர். இரண்டும் சேர்ந்து, 1589 முதல் 1610 வரை பிரான்சை ஆண்டவரும் காதலியர் பட்டியல் நீண்டவருமான நான்காம் ஹென்றிக்குப் பட்டப்பெயராயிற்று. காதல் மன்னன் என்பது அவர் விஷயத்தில் உவமையன்று, பதவியும் அதுவே.

அவரது குதிரைச் சிலை நிற்கும் பாலத்தின் பெயர் 'புதுப் பாலம்' என்று பொருள்படும் போன் நெஃப். 1607இல் கட்டி முடிந்த அதுதான் இன்று நகரில் நிற்பவற்றுள் மிகப் பழைய பாலம் என்பதால், அங்கே பெயரை நம்பி எதையும் முடிவு செய்வதற்கில்லை. சிலைக்குப் பின்னுள்ள படிகளில் இறங்கினால் தீவின் பழைய தரைமட்டத்திலேயே, அதாவது சாலைக்குச் சுமார் 7 மீட்டர் கீழே, பூங்கா தொடங்குகிறது. ஆகவே சேன் பெருகும்போது புல்தரையும் பெஞ்சுகளும் மூழ்கி, மரங்கள் மட்டும் இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கின்றன.