மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் நடுக்களத்தைப் பற்றியவை. அதனால் கோல் அடிப்பவர்களுக்கு இந்த வாரம் ஓய்வு.

கேள்வி: 4-3-3, 4-4-2, 4-2-3-1 என்று டிவியில் கதவிலக்கம் மாதிரி சொல்கிறார்கள். எதைக் கூட்டினாலும் பத்துதான் வருகிறது. பதினோராவது ஆள் எங்கே?

பதில்: கோல் கம்பங்களுக்கு நடுவே நிற்கிறார். எந்த முறையில் ஆடினாலும் கோல்கீப்பர் ஒருவர்தான் என்பதால் அவரைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். அவருக்கு முன்னால் இருக்கும் வரிசையிலிருந்து எண்ண ஆரம்பியுங்கள். 4-3-3 என்றால் தடுப்பில் நால்வர், நடுவில் மூவர், முன்னால் மூவர்.

ஆனால் அந்த எண்ணைக் கல்யாண வீட்டு குரூப் போட்டோ மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். கேமரா ‘கிளிக்’ ஆகும் நொடியில் எல்லோரும் வரிசையில் இருப்பார்கள். அடுத்த நிமிடம் ஒருவர் பந்தியில், ஒருவர் வாசலில், ஒருவர் மாப்பிள்ளை காதில் ஏதோ சொல்லிக்கொண்டிருப்பார். 2023 சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தில் மான்செஸ்டர் சிட்டியின் ஜான் ஸ்டோன்ஸ் பெயரளவில் தடுப்பாட்டக்காரர். பந்து தன் அணியின் காலுக்கு வந்ததும் நடுக்களத்துக்கு ஏறிவிட்டார். அவர் ஏறியதால் இன்டர் மிலானின் நடு வரிசைக்குப் பார்த்துக்கொள்ள வேண்டிய ஆள் ஒன்று கூடிப்போனது. சிட்டி 1-0 என்று ஜெயித்தது. கோல் அடித்தவர் ரோட்ரி, அவரும் நடுக்களக்காரர்தான்.

எண், ஆட்டம் தொடங்கும்போது இருக்கும் முகவரி. ஆள் எங்கே நடமாடுகிறார் என்பதுதான் ஆட்டம்.

கேள்வி: மிட்ஃபீல்டரில் 6, 8, 10 என்று பிரிக்கிறார்களே, அது என்ன கணக்கு?

பதில்: 6 என்பவர் தடுப்பு வரிசைக்கு முன்னால் நிற்பவர். எதிரணியின் பாஸை வழியிலேயே மறிப்பவர். 8 என்பவர் இரண்டு கோல்களுக்கும் இடையே டவுன் பஸ் போல ஓடிக்கொண்டே இருப்பவர். 10 என்பவர் ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால் நின்று, யாருக்கும் தெரியாத இடுக்கு வழியாகப் பந்தை அனுப்புபவர்.

இந்த எண்கள் ஊருக்கு ஊர் மாறும் என்பதுதான் சுவாரசியம். அந்தக் காலத்தில் உலகமே 2-3-5 ஆடியது. 2, 3 பின்னால். 4, 5, 6 நடுவில். 7 முதல் 11 வரை முன்னால். 1925-ல் ஆஃப்சைடு விதி மாறியது. அதுவரை பாஸ் வாங்குபவருக்கும் கோல் கோட்டுக்கும் இடையே எதிரணியினர் மூன்று பேர் இருக்க வேண்டும். புதிய விதி இரண்டு பேர் போதும் என்றது. முன்வரிசைக்காரர்களுக்குக் கொண்டாட்டம். கோல்கள் கொட்டின. ஆர்சனல் அணியின் மேனேஜர் ஹெர்பர்ட் சாப்மன், நடுக்களத்தின் மையத்தில் நின்ற சென்டர் ஹாஃபைத் தடுப்பு வரிசைக்கே இறக்கி ஓட்டையை அடைத்தார். அதனால் இங்கிலாந்தில் 5-ஆம் எண் ஸ்டாப்பர் ஆனது. அர்ஜென்டினாவில் 5-ஆம் எண் கடைசிவரை நடுக்களத்தை விட்டு இறங்கவே இல்லை. இன்றைக்கும் அங்கே ‘ஐந்து’ என்றால் நடுக்களக் காவலர் என்றுதான் பொருள். ஒரே சட்டை, ஊருக்கு ஒரு உத்தியோகம்!

கேள்வி: கோலும் அடிப்பதில்லை, கோல் அடிக்கவும் கொடுப்பதில்லை. அந்த 6-ஆம் எண்காரருக்கு எதற்கு இவ்வளவு சம்பளம்?

பதில்: இதே கேள்வியை 2003-ல் ரியல் மாட்ரிட் நிர்வாகமும் கேட்டது. அந்த இடத்தில் ஆடிய கிளாட் மகெலெலே சம்பள உயர்வு கேட்டார், கொடுக்கவில்லை. ஜிடான், ஃபிகோ, ரொனால்டோ, ரவுல் என்று முன்னால் நட்சத்திரக் கூட்டம். அந்தக் கோடையில் பெக்காமும் வந்து சேர்ந்தார். இத்தனை பேர் பந்தோடு முன்னேறியபோது, பின்னால் திறந்து கிடந்த வாசலைப் பார்த்துக்கொண்டவர் மகெலெலே ஒருவர்தான். அவர் செல்ஸீக்குப் போய்விட்டார்.

நடந்ததைப் பாருங்கள். அதற்கு முந்தைய சீசனில் ஸ்பானிஷ் லீக் சாம்பியனாக இருந்த மாட்ரிட், 2003-04 சீசனின் கடைசி 5 லீக் ஆட்டங்களிலும் தோற்று 4-ஆம் இடத்துக்கு இறங்கியது. அடுத்த லீக் பட்டம் 2007-ல்தான். செல்ஸீயோ 2004-05-ல் 38 லீக் ஆட்டங்களில் மொத்தம் 15 கோல்களே வாங்கி, 50 ஆண்டுகளுக்குப் பிறகு லீக் சாம்பியன் ஆனது. அங்கே ரசிகர்கள் அந்த இடத்துக்கே ‘மகெலெலே ரோல்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

பழைய கதை என்று நினைக்க வேண்டாம். மான்செஸ்டர் சிட்டி 2024 வரை தொடர்ந்து 4 ஆண்டுகள் பிரீமியர் லீக் சாம்பியனாக இருந்தது. 2024 செப்டம்பரில், அங்கே இதே இடத்தில் ஆடும் ரோட்ரிக்கு முழங்காலில் பலத்த காயம். அக்டோபர் 28 அன்று ஊன்றுகோலோடு மேடையேறி உலகின் சிறந்த ஆட்டக்காரருக்கான பாலோன் தோர் விருதை வாங்கினார். அதற்கு இரண்டு நாள் கழித்து ஆரம்பித்தது: சிட்டி வரிசையாக 5 ஆட்டங்களில் தோற்றது. அந்த சீசனில் லீக் பட்டமும் கைநழுவியது. அந்தச் சரிவுக்கு வேறு காரணங்களும் உண்டு; வயதேறிய அணி, மற்ற காயங்கள். என்றாலும் அந்த ஓட்டை முதலில் விழுந்த இடம் அவர் நின்ற இடம்தான்.

உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். முன்னால் இருப்பவர் பந்தைத் தொலைத்தாலும் இவர்தான் ஓட வேண்டும். பின்னால் இருப்பவர் திணறினாலும் இவர்தான் பந்தை வாங்கிக்கொள்ள வேண்டும். நீங்கள் கேட்ட சம்பளம் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து.

கேள்வி: என் மகனுக்கு 13 வயது. உயரம் குறைவு, ஆனால் பந்து அவன் காலில் ஒட்டிக்கொள்ளும். 10-ஆம் எண்ணில் ஆட ஆசைப்படுகிறான். கோச் அவனைப் பின்னால் தள்ளி 6-ல் நிறுத்திவிட்டார். ராத்திரி முழுக்க அழுகை. என்ன சொல்லித் தேற்றுவது?

பதில்: அம்மா, அவனுக்கு ஆண்ட்ரியா பிர்லோவின் கதையைச் சொல்லுங்கள். அவரும் 10-ஆம் எண்ணில் வளர்ந்தவர். 2001-ல் பிரெஷா அணிக்குக் கடனாகப் போனபோது, அந்த இடத்தில் ராபர்ட்டோ பாஜியோ இருந்தார். பாஜியோவை யார் நகர்த்த முடியும்? கோச் கார்லோ மட்ஸோனே, பிர்லோவைத் தடுப்பு வரிசைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

தண்டனைபோலத் தெரிந்தது வரமாகிவிட்டது. முன்னால் நிற்கும்போது முதுகுக்குப் பின்னால் எப்போதும் ஒரு ஸ்டாப்பர் மூச்சு விட்டுக்கொண்டிருப்பார். பின்னால் வந்ததும் மைதானம் முழுக்கக் கண்முன்னே விரிந்தது. பிறகு ஏசி மிலானில் கோச் அன்செலாட்டி அவரை அதே இடத்தில் வைத்து, பக்கத்தில் ஓடி மறிப்பதற்கு கட்டூசோவைத் துணைக்குக் கொடுத்தார். 2003, 2007 சாம்பியன்ஸ் லீக், 2006 உலகக் கோப்பை என்று பிர்லோ வாங்கிக் குவித்தார். அந்த உலகக் கோப்பை அரையிறுதியில் ஜெர்மனிக்கு எதிராக, கூடுதல் நேரத்தின் கடைசி நிமிடங்களில், சக ஆட்டக்காரர் கிராஸ்ஸோ பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒரு பாஸ் கொடுத்தார். அது கோல். இத்தாலிக்காரர்கள் இந்த இடத்தில் ஆடுபவரை ‘ரெஜிஸ்தா’ என்கிறார்கள். அவர்கள் மொழியில் சினிமா டைரக்டருக்கும் அதே சொல்தான்.

உயரத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம். பெயர்பெற்ற நடுக்களக்காரர் சாவியின் உயரம் 170 சென்டிமீட்டர். இன்னொரு நடுக்களக்காரர் கான்டே அதைவிடக் குறைவு. ஆனால் ஒன்று: கோச் ஏன் மாற்றினார் என்று உங்கள் மகனே போய்க் கேட்கட்டும். பையன் பின்னாலிருந்து ஆட்டத்தைப் படிப்பான் என்று நம்பி மாற்றியிருந்தால், அது பெரிய மரியாதை. அங்கே ஆள் இல்லையே என்று நிறுத்தியிருந்தால், நீங்களும் கூடப் போய்ப் பேசுங்கள்.

கேள்வி: 10-ஆம் எண்காரர் என்ற இனமே அழிந்துவிட்டதா?

பதில்: நின்ற இடத்திலிருந்தே ஆட்டத்தை நடத்திய பழைய 10 அபூர்வமாகிவிட்டார். ரிகெல்மே போன்றவர்களை அர்ஜென்டினாவில் ‘கொக்கி’ என்று பொருள்படும் சொல்லால் அழைப்பார்கள். நடுக்களத்தையும் முன்வரிசையையும் மாட்டி வைப்பவர். 2006 உலகக் கோப்பைக் காலிறுதியில் ஜெர்மனிக்கு எதிராக அர்ஜென்டினா 1-0 என்று முன்னிலையில் இருந்தபோது, 72-ஆம் நிமிடத்தில் அவரை வெளியே எடுத்தார்கள். 80-ஆம் நிமிடத்தில் ஜெர்மனி சமன் செய்து, பெனால்டியில் ஜெயித்தது. பாதுகாப்புக்காகச் செய்த மாற்றம். பந்தைத் தன்னிடமே வைத்துக்கொள்ளத் தெரிந்தவரைவிடப் பெரிய பாதுகாப்பு எது என்று எனக்கு இன்றும் புரியவில்லை. அது தவறான முடிவு.

கேள்வி: முன்வரிசையில் ஆடுவதாகக் காட்டிவிட்டு நடுக்களத்தில் ஆட முடியுமா? எதிரணி கண்டுபிடித்துவிடாதா?

பதில்: கண்டுபிடித்தாலும் ஒன்றும் செய்ய முடியாது, அதுதான் அழகு. 1953 நவம்பர் 25, லண்டன் வெம்பிளி மைதானம். ஹங்கேரியின் ஹிடெகுட்டி 9-ஆம் எண் சட்டையில் வந்தார். 9 என்றால் சென்டர் ஃபார்வர்டு, அவரைப் பிடிக்க வேண்டியவர் இங்கிலாந்தின் ஹாரி ஜான்ஸ்டன். ஆனால் ஹிடெகுட்டி முன்னால் நிற்காமல் நடுக்களத்துக்கு இறங்கி நின்றார். ஜான்ஸ்டன் கூடவே போனால் பின்னால் பெரிய வெற்றிடம். அங்கே புஷ்காஷும் கோச்சிஷும் காத்திருந்தார்கள். போகாமல் நின்றால் ஹிடெகுட்டியைக் கேட்க ஆளில்லை. போவதா, நிற்பதா? அவர் முடிவெடுப்பதற்குள் ஆட்டம் முடிந்துவிட்டது: ஹங்கேரி 6, இங்கிலாந்து 3. ஹிடெகுட்டிக்கு மட்டும் 3 கோல்கள். ஆறு மாதம் கழித்து புடாபெஸ்டில் மறுபடி மோதினார்கள், அங்கே 7-1.

2009 மே மாதம் பார்சிலோனா கோச் குவார்டியோலா இதே கேள்வியை மாட்ரிட்டின் ஸ்டாப்பர்களிடம் கேட்டார். நடுவே இறங்கி நின்றவர் மெஸ்ஸி. பார்சிலோனா 6-2.

கேள்வி: இந்திய அணியில் இப்படி இடம் மாற்றி ஆடவைத்த கதை உண்டா?

பதில்: உண்டு, அதுவும் தங்கப் பதக்கத்தோடு. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டி, கோச் எஸ்.ஏ. ரஹீம். ஜர்னைல் சிங் தடுப்பாட்டக்காரர். முந்தைய ஆட்டமொன்றில் தலையில் அடிபட்டுத் தையல் போட்டிருந்தார். ரஹீம் அவரை முன்வரிசைக்கு அனுப்பினார். தென் கொரியாவுக்கு எதிரான இறுதியாட்டத்தில் பி.கே. பானர்ஜி ஒரு கோல், ஜர்னைல் சிங் ஒரு கோல். 2-1 என்று இந்தியா ஜெயித்தது. செகந்திராபாத்தில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த துளசிதாஸ் பலராமும் அந்த அணியில் இருந்தார். நடுக்களத்தில் உழைத்த ஃபார்ச்சுனாடோ ஃபிராங்கோவின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? கோல் அடித்தவர்களைச் சொல்லும்போது அவரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் பள்ளி அணிக்கு 4-4-2 நல்லதா, 4-3-3 நல்லதா? ஒரே வரியில் சொல்லவும்.

பதில்: 4-4-2.

ஏன் என்று கேட்பீர்கள், அதற்கு இன்னும் சில வரிகள். 4-3-3-ல் நடுவில் மூவர், 4-4-2-ல் நட்ட நடுவில் இருவர். மூன்று பேர் முக்கோணமாக நின்று பந்தைச் சுற்றவிட்டால் எப்போதும் ஒருவர் சும்மா நிற்பார். அவரைத் தேடியே அந்த இருவரும் களைத்துவிடுவார்கள். மொரினியோவின் செல்ஸீ இந்தக் கணக்கில்தான் எதிரிகளைத் திணறடித்தது. ஆனால் அந்த முக்கோணம் ஓயாமல் சுழல வேண்டும், அதற்குத் தினப் பயிற்சி வேண்டும். வாரம் இரண்டு நாள் மாலையில் கூடும் பள்ளி அணிக்கு, ஒவ்வொருவருக்கும் தன் எல்லை தெளிவாகத் தெரிகிற 4-4-2 போதும். 2016-ல் லெஸ்டர் சிட்டி 4-4-2 ஆடித்தான் பிரீமியர் லீக்கை ஜெயித்தது. நடுவில் இருவர்தான்; அதில் ஒருவர் கான்டே. அவர் இருந்தால் இருவரே மூவர்.

கேள்வி: டிவியில் கேமரா பந்துக்குப் பின்னாலேயே ஓடுகிறது. மிட்ஃபீல்டர் செய்வதை எப்படித்தான் பார்ப்பது?

பதில்: அடுத்த ஆட்டத்தில் ஒரு பத்து நிமிடம் பந்தை விட்டுவிடுங்கள். ஒரே ஒரு நடுக்களக்காரரைப் பிடித்துக்கொள்ளுங்கள். பந்து அவரிடம் வருவதற்கு முன் எத்தனை முறை தலையைத் திருப்பித் தோளுக்குப் பின்னால் பார்க்கிறார் என்று எண்ணுங்கள். நார்வேயின் கெய்ர் யோர்டெட் என்ற ஆய்வாளர் இதைத்தான் எண்ணினார். அதிகம் திரும்பிப் பார்ப்பவர்களின் பாஸ்கள் அதிகம் சரியாகச் சேருகின்றன என்று கண்டார். நேரில் மைதானத்துக்குப் போக முடிந்தால் இன்னும் நல்லது, மேல் படியில் உட்காருங்கள். உங்கள் ஊர்ப் பள்ளி மைதானத்து ஆட்டமாக இருந்தாலும் சரி. அந்தப் பத்து நிமிடத்தில் கண்ணில் பட்டதை எனக்கு எழுதி அனுப்புங்கள்.