பத்தாவது தேறிய பாவம்

புதுப்பட்டினத்துக் கொத்தனார் ஒருவர், பத்தாவது தேறாதவர், சவுதிக்கோ குவைத்துக்கோ வேலைக்குக் கிளம்பினால், 1983 குடிபெயர்வுச் சட்டப்படி அரசாங்கமே அவருடைய ஒப்பந்தத்தை வாங்கிப் பார்க்கும். சம்பளம் எவ்வளவு, முதலாளி யார் என்று கேட்கும். பக்கத்துத் தெரு பி.எட். டீச்சருக்கு அந்தக் கரிசனம் கிடையாது. படித்தவராயிற்றே, ஏமாறமாட்டாராம்! 2015-இல் செவிலியர்களையும் இந்தச் சோதனைக்குள் கொண்டுவந்தார்கள். டீச்சர் முறை இன்னும் வரவில்லை.

ஆனால் அவருடைய பட்டச் சான்றிதழுக்கு மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், குவைத் என்றால் தூதரகமும் என்று வரிசையாக முத்திரை வேண்டும். டீச்சர் போலியா என்று பார்க்க இத்தனை பேர். பள்ளிக்கூடம் போலியா என்று பார்க்க ஆளில்லை. போய் இறங்கியபின் இக்காமா என்னும் வசிப்பு அனுமதி, ஸ்பான்சரான முதலாளியின் தயவில். கோடை விடுமுறைக்குச் சம்பளம் உண்டா என்பது மட்டும் ஒப்பந்தத்தில் தெளிவாக, அரபியில் இருக்கும்.