செத்த காலேஜும் எங்கள் ஊர்ப் பரம்பும்

எழுபதுகளில் ஸ்ரீவைகுண்டத்துப் பையன் ஒருத்தன் மெட்ராஸ் பார்த்துவிட்டு வந்தான் என்றால், ஒரு மாசத்துக்குப் படித்துறையில் அவன் வைத்ததுதான் சட்டம். எல்.ஐ.சி. கட்டடத்துக்கு எத்தனை மாடி என்று கேட்பார்கள். 14 என்பது உண்மை. ஆனால் உண்மையை மட்டும் சொல்லிவிட்டுத் தலை துவட்டிக்கொண்டு போக யாருக்கு மனசு வரும்? நான் 22 என்றேன். கழுத்தளவு தாமிரபரணியில் நின்றபடி, உச்சி மாடியிலிருந்து பார்த்தால் சிலோன் தெரியும் என்றும் சேர்த்துக்கொண்டேன். எதிர்த்துப் பேச ஒருத்தனும் இல்லை. இன்றைக்கு அப்படிச் சொல்லிப் பாருங்கள், ஈரக்கையோடு போனைத் தட்டி மானத்தை வாங்கிவிடுவான்கள்.

மெட்ராஸ் பயணம் என்பது கல்யாணத்துக்குச் சமமான ஏற்பாடு. ஒரு வாரம் முன்னாலேயே பலகாரம் சுட்டாகிவிடும். மாம்பலம் சித்தப்பா வீட்டுக்கு வாழைத்தாரும் கருப்பட்டியும் சாக்கில் ஏறும். ஆற்றுக்கு அக்கரையில் புதுக்குடிப் பக்கம் இருக்கிற ஸ்டேஷனுக்கு, வராத ரயிலுக்கு இரண்டு மணி நேரம் முன்பே போய் உட்கார்ந்திருப்போம். ஜன்னலோரத்துக்கு அடித்துக்கொள்வோம். ஜெயித்தவன் கண்ணில்தான் கரித்தூள் விழும். விடிய விடியக் கசக்கிக்கொண்டே வருவான், இடத்தை மட்டும் விட மாட்டான். 2023 செப்டம்பரில் வந்த வந்தே பாரத், நெல்லையில் ஏறினால் எட்டு மணி நேரத்துக்குள் எழும்பூரில் இறக்கிவிடுகிறது. கண்ணாடி திறக்காது, தூசி இல்லை. மணப்பாறை வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. முறுக்கு முறுக்கு என்று தூக்கத்தைக் கெடுக்க ஆள் இல்லையே என்பதுதான் இப்போது என் குறை.

சித்தப்பா இருந்தது ஒண்டுக்குடித்தனம். ஓர் அறை, ஒரு தாழ்வாரம். அதில் நாங்கள் சாக்குமூட்டையோடு போய் இறங்கினாலும் சித்தி முகம் கோணாமல் "வாங்க அத்தான், வாங்கக்கா" என்பாள். அவள் மகனுக்கு இன்று மூன்று படுக்கையறை. ஆனால் எந்தத் தேதி, எத்தனை பேர் என்று அவன் வாட்ஸ்அப்பில் அன்பாக விசாரிக்கிற அழகில் நாங்களே கூச்சப்பட்டு லாட்ஜில் ரூம் போட்டுவிடுகிறோம்.

பார்க்க வேண்டியவற்றில் முதலிடம் சென்ட்ரல் பக்கம் இருந்த உயிர் காலேஜுக்கு; அடுத்தது எழும்பூர் செத்த காலேஜ். மிருகக்காட்சிசாலையையும் மியூசியத்தையும் மெட்ராஸ்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள். இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். 1851-இல் தொடங்கிய மியூசியத்தின் வளாகத்தில்தான் பால்ஃபர் துரை 1855-இல் மிருகங்களையும் வளர்க்க ஆரம்பித்தார். 1985-இல் மிருகங்கள் வண்டலூருக்குக் குடிபோயின. அதே வருஷம் மே மாசம் மூர் மார்க்கெட் தீயில் போனது. சாவி கொடுத்தால் டமாரம் அடிக்கிற தகரக் குரங்கை அப்பா அங்கேதான் பேரம் பேசிப் பேசிக் கடைசியில் வாங்காமல் வந்தார். வேலைக்குப் போன பிறகு ஒரு தடவை மெரினாவில் எம்.ஜி.ஆர். சமாதியில் காதை வைத்துப் பார்த்தேன், உள்ளே வாட்ச் ஓடுகிற சத்தம் கேட்கும் என்றார்கள். கேட்டதா என்கிறீர்களா? எனக்கு முன்னால் குனிந்தவர் கேட்டது என்றார், எனக்கும் கேட்டது.

செத்த காலேஜில் திமிங்கல எலும்புக்கூட்டை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்த பிறகு, ஓர் ஓரத்தில் ஆச்சி அசையாமல் நிற்பதைக் கண்டோம். எதிரே முதுமக்கள் தாழி. "ஏலே, இது நம்ம ஆச்சநல்லூர் பரம்புல கெடக்கிற தாழில்லா! இதப் பாக்கவா ராத்திரி பூரா ரயில்ல வந்தோம்?" காவலுக்கு இருந்தவர் சிரித்துவிட்டார்.

ஆச்சி சொன்னதில் தப்பில்லை. ஆதிச்சநல்லூரைத் தாண்டித்தான் எங்கள் ரயிலே வந்திருந்தது. 1876-இல் யாகோர் என்ற ஜெர்மானியர் தோண்டி பெர்லினுக்குக் கொண்டுபோனார். பிறகு அலெக்சாண்டர் ரியா 1899 முதல் 1905 வரை தோண்டி எடுத்தவை மெட்ராஸ் போய்ச் சேர்ந்தன. மிச்சம் இருந்தது எங்களுக்கு. அந்தப் பரம்பில் பொறுக்கிய ஓடு மாதிரி சில்லு விளையாட்டுக்குத் தோதான ஓடு உலகத்தில் கிடையாது: உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு, ஓரம் தேய்த்தால் வழவழவென்று கையில் நிற்கும், எறிந்தால் கோட்டில் விழாது. எந்தக் காலத்துக் குயவர் வனைந்ததோ, அதை வைத்து நாங்கள் நொண்டியடித்தோம்.

இப்போது அங்கே ஓட்டைத் தொட்டால் அதட்டுகிறார்கள், அதட்ட வேண்டியதுதான். 2023 ஆகஸ்டில் அங்கேயே மியூசியம் வந்துவிட்டது. குழிக்கு மேல் கண்ணாடி போட்டிருக்கிறார்கள், மேலே நின்றால் காலடியில் தாழி. மெட்ராஸ் நம்பர் வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. போன லீவில் வந்த மகள் வயிற்றுப் பேரனைக் கூட்டிப் போனேன். எட்டிப் பார்த்தவன் உதட்டைப் பிதுக்கினான்.

"ஒரே பானையா இருக்கு தாத்தா. தங்கம் கெடச்சுதுன்னு சொன்னீங்களே, எங்க?"

"ரியா எடுத்த தங்கப் பட்டம், வெண்கல எருமையெல்லாம் எழும்பூர்லல்லா இருக்கு. நீ பாத்ததில்லையா?"

"எழும்பூர்ல மியூசியம் இருக்கா?"

அவன் வீடு நுங்கம்பாக்கம். ஆட்டோ பிடித்தால் பக்கம்தான். ஆக, மெட்ராஸ்காரனுக்கு மெட்ராஸைக் காட்ட இங்கிருந்து நான் கிளம்ப வேண்டியதாயிற்று; வந்தே பாரத்துக்கு டிக்கெட் போட்டேன், வெயிட்டிங் லிஸ்டில் இருக்கிறது.